மிகைப்பெருக்கமும் கட்டியும்: எலியின் சூலகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

பதுளைக்குக் கிழக்கே, பசறையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் களைநாசினி என்பது அன்றாட உழைப்போடு பிணைந்த பொருளாகும். அவற்றுள் கிளைபொசேற்றை இலங்கை அரசு 2015இல் தடைசெய்தது; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களித்தது. தடைக்கு முதற்காரணமாகக் கூறப்பட்டது சிறுநீரக நோயே. ஆயினும் அதே ஆண்டு மார்ச்சில் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் அப்பொருளை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் வாய்ப்புடையதென வகைப்படுத்த, நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அவ்வாறிருத்தல் அரிதென முடிவு கூறிற்று. இத்தகைய முரண்பட்ட தீர்ப்புகளுக்குப் பின்னால் ஆய்வுகூட எலிகளின் இழையங்கள் பற்றிய வாசிப்புகளும் உள்ளன. அவ்வாசிப்பின் அடிப்படைச் சிக்கலொன்றை, சூலகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

மிகைப்பெருக்கம் என்பது ஒரு தூண்டலுக்கு விடையாகக் கலங்கள் எண்ணிக்கையிற் பெருகுதலாகும். தூண்டல் நீங்கின் அது பெரும்பாலும் தணியும். கட்டியோ தூண்டலைச் சாராது தன்போக்கில் வளர்வது. 1944இல் பிஸ்கைன்ட் ஆய்வாளர்கள் எலியின் சூலகத்தை அதன் மண்ணீரலுக்கு மாற்றிப் பொருத்தினர். சூலக ஓமோன்கள் உடலெங்கும் பரவுமுன் ஈரலை அடைந்து சிதைந்தன. ஆதலால் கபச்சுரப்பியைக் கட்டுப்படுத்தும் செய்தி அறுபட்டது. அது சூலகத்தை இடையறாது தூண்டிற்று. நாளடைவில் அங்குக் கட்டிகள் தோன்றின. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதியை நினைவூட்டும் நிகழ்வு இது.

எனினும், நுணுக்குக்காட்டியின் கீழ் நோயியலாளர் காண்பது இயக்கமன்று. இறந்த விலங்கின் இழையத்திலிருந்து வெட்டியெடுத்த, நிலைத்துப்போன ஒரு கணமே. தூண்டலை நீக்கியிருந்தால் அப்பெருக்கம் தணிந்திருக்குமா என அதனை வினவ இயலாது. எனவே உருவ அடையாளங்களையே அவர் நாடவேண்டியுள்ளது. சூலகத்தின் இயல்பான அமைப்பு எஞ்சியுள்ளதா? பெருக்கம் அயல் இழையத்தை அழுத்துகின்றதா? மஞ்சட்சடலம் போன்ற இயல்பான உறுப்புகளோடு ஒப்பிட அதன் பருமன் யாது? அயலை ஊடுருவுகின்றதா? ஊடுருவல் தெளிவாயின் ஐயமில்லை. ஆனால் மிகைப்பெருக்கத்துக்கும் தீங்கற்ற கட்டிக்கும் இடையிலுள்ள எல்லை, இயற்கை வரைந்த கோடன்று. தொடர்ச்சியொன்றின் மீது அறிஞர் உடன்பட்டு இட்ட கோடாகும். எலி, சுண்டெலி ஆகியவற்றின் பெண் இனப்பெருக்கத் தொகுதிக்கான சர்வதேசப் பெயரீட்டு வழிகாட்டி 2014இல் வெளியிடப்பட்டமை இக்கோட்டை ஒருமைப்படுத்தும் முயற்சியே.

ஒரு சொல்லின் விளைவு சிறிதன்று. வழமையான ஈராண்டு ஆய்வில் ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு பாலிலும் ஐம்பது விலங்குகளளவே உள. ஒரே ஒரு கட்டி கூடுவதும் குறைவதும் முடிவைப் பாதிக்கலாம். கிளைபொசேற்று வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. 1983இல் நிறைவுற்ற சுண்டெலி ஆய்வில், மருந்தூட்டப்பட்ட ஆண் விலங்குகளிற் சிறுநீரகக் கட்டிகள் காணப்பட்டன; ஒப்பீட்டுக் குழுவில் ஒன்றுமில்லை. பின்னர் அதே வெட்டுகள் மீள நோக்கப்பட்டபோது ஒப்பீட்டுக் குழுவிலும் ஒரு கட்டி உண்டெனக் கூறப்பட்டது. அது கட்டிதானா என்பதில் நோயியலாளர் கருத்து வேறுபட்டனர். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1985இல் அப்பொருளைப் புற்றுநோய் விளைக்கக்கூடியதென வகைப்படுத்தி, 1991இல் அவ்வகையினின்றும் நீக்கிற்று.

இதனாற் விஞ்ஞானம் பொய்யென்பது பெறப்படாது. குழு எதுவென அறியாது வெட்டுகளை நோக்கல், பலர் தனித்தனியே வாசித்தல், மிகைப்பெருக்கங்களையும் கட்டிகளோடு சேர்த்து வெளியிடல் ஆகியன வாசிப்பைச் செம்மைப்படுத்தும் வழிகளாகும். ஆனால் அவ்வாசிப்பு எவருடைய செலவில், எவருடைய நலனுக்காக நிகழ்கின்றது என்னும் வினா ஆய்வுகூடத்துக்குப் புறம்பானதன்று. மருந்துத் தாங்கியை முதுகிற் சுமக்கும் தொழிலாளியும், அம்மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அவ்வினாவை எழுப்ப உரிமையுடையோர். அதற்கு வேண்டிய சொற்களைத் தமிழில் ஆக்கி அவர்களிடம் சேர்ப்பித்தல் பல்கலைக்கழகத் தமிழ்ப்பணியின் ஒரு கூறென நாம் கருதுகின்றோம்.