நேர்காணலின் முடிவில் விண்ணப்பதாரர் கேட்க வேண்டிய கேள்விகள்

வேலைக்கான நேர்காணல் முடியும் தறுவாயில், "நீங்கள் எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்று கேட்பது வழக்கம். "ஒன்றுமில்லை சார், நன்றி" என்று எழுந்து வருவதுதான் நம் மாணவர்களிடம் அதிகம் காணப்படும் பதில். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். ஆனால் வேலையைப் பற்றி நேரடியாகத் தெரிந்துகொள்ள விண்ணப்பதாரருக்குக் கிடைப்பது அந்தக் கடைசி ஐந்து நிமிடம்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய காவிரி டெல்டா மாவட்டங்களின் நெல் சார்ந்த வேலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அக்கேள்விகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பருவமும் சம்பளமும்

டெல்டாவில் நவீன அரிசி ஆலை, விதை நிறுவனம், உரக்கடை, விவசாயிகளுக்குக் கடன் தரும் நிறுவனம் என எதை எடுத்தாலும் அதன் வரவு செலவு நெல் பருவத்தோடுதான் ஓடுகிறது. குறுவைப் பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2024இல் அணையில் போதிய நீர் இல்லாததால் ஜூலை 28ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் குறுவைப் பரப்பு சுருங்கும். ஆலைக்கு வரும் நெல்லும் குறையும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது இது: "சம்பா, தாளடி அறுவடை முடிந்தபின் இந்தப் பணியில் இருப்பவர் என்ன செய்வார்? அப்போதும் முழுச் சம்பளம் உண்டா?"

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் இந்தக் குழப்பம் இல்லை. பருவகாலப் பட்டியல் எழுத்தர், பருவகால உதவுபவர், பருவகாலக் காவலர் என்று பணியின் பெயரே சொல்லிவிடுகிறது. தனியார் விளம்பரங்களில் அந்த ஒரு சொல் பெரும்பாலும் இருக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் பொறுப்பு?

நல்ல கேள்வி, விண்ணப்பதாரருக்கு வேலை தெரியும் என்பதையும் காட்டும். வேலையின் உள்நிலவரத்தையும் வெளியே கொண்டுவரும். உணவுத் தொழில்நுட்பம் படித்த ஒருவர் ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பணிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசு கொள்முதலில் நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழைக் காலத்தில் சில சமயம் தளர்வு கிடைக்கும். "ஈரப்பதம் கூடுதலாக உள்ள மூட்டைகள் வந்தால் திருப்பி அனுப்பும் அதிகாரம் எனக்கு உண்டா, அல்லது மேலாளர் முடிவு செய்வாரா?" என்று அவர் கேட்கலாம். மேலாளர் முடிவு செய்வார், நெல் கெட்டுப்போனால் தரக் கட்டுப்பாட்டாளர் பதில் சொல்ல வேண்டும் என்பது பதிலானால், அந்த இருக்கையின் நிலைமை புரிந்துவிடும்.

இன்னொன்று: "ஆலை சொந்தப் பெயரில் அரிசி விற்கிறதா, கழகத்துக்கு அரவை முகவராக உள்ளதா?" அரவை முகவர் 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசியானால் 68 கிலோ, பச்சரிசியானால் 67 கிலோ திருப்பித் தர வேண்டும். நொறுங்கல் கூடினால் அந்த நெருக்கடி நேராகத் தரக் கட்டுப்பாட்டு மேசைக்குத்தான் வரும்.

இதற்கு மாறாக, "உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது?" என்று கேட்பவர் எதுவும் பார்க்காமல் வந்திருக்கிறார் என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறார்.

கைக்கு எவ்வளவு?

முதல் நேர்காணலில் சம்பளம் பேசக்கூடாது என்ற அறிவுரை, நான்கு சுற்றுத் தேர்வு நடத்தும் பெருநகர நிறுவனங்களுக்குப் பொருந்தலாம். சிற்றூர் நிறுவனத்தில் பெரும்பாலும் ஒரே சந்திப்புதான். அங்கே கேட்காவிட்டால் வேறெங்கே கேட்பது? "சொன்ன தொகையில் நிறுவனத்தின் வருங்கால வைப்பு நிதிப் பங்கும் அடங்குமா?" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். தொழிலாளி 12 சதவீதம், நிறுவனம் 12 சதவீதம் என இரு பங்குகள் உண்டு. இரண்டையும் ஒரே தொகைக்குள் அடக்கிச் சொன்னால் கையில் வருவது கணிசமாகக் குறையும். களப்பணியாளர்கள் பெட்ரோல் செலவு யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். ஒரு நாளில் பாபநாசத்திலிருந்து ஒரத்தநாடு வரை சொந்த வண்டியில் அலைபவருக்கு இது சிறிய விஷயமல்ல. இரவு ஷிப்ட் உள்ள இடங்களில், கடைசிப் பேருந்துக்குப் பின் வீடு திரும்ப வண்டி உண்டா என்று பெண்கள் தயங்காமல் கேட்கலாம்.

ஒப்பந்தப் பத்திரம்

"குறைந்தபட்சப் பணிக்காலம் உண்டா? இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பது அவசியமான கேள்வி. இத்தகைய பத்திரம் சட்டப்படி செல்லாது என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மையல்ல. விஜயா வங்கி அதிகாரி ஒருவர் மூன்றாண்டு முடியும் முன் விலகியதற்காக 2 லட்சம் ரூபாய் கட்டிய வழக்கில், அந்த நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். கல்விக் கடன் தவணை நிற்கும் வீட்டில், வேறு நல்ல வேலை கிடைத்தும் சான்றிதழ் கைக்கு வராமல் போனால் அந்த வாய்ப்பே கைநழுவும்.

இவை அனைத்தையும் ஒரே மூச்சில் கேட்பது விசாரணை போலாகிவிடும். தனக்கு மிக முக்கியமான இரண்டு மூன்றை முன்பே தாளில் குறித்துக்கொண்டு செல்லலாம். அதைப் பார்த்துக் கேட்பதில் தவறில்லை. எழுவதற்கு முன், முடிவு எந்த நாளுக்குள் தெரியும், தெரியாவிட்டால் யாரை அழைக்கலாம் என்று கேட்டு, அந்தப் பெயரையும் எண்ணையும் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும்.