எண்ணலும் எடுத்தலும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நான்காக வகுத்தனர் தமிழ் இலக்கண நூலார். எடுத்தலாவது துலாக்கோலில் நிறுத்தல். மாங்கனிகளை ஒன்று, இரண்டு என எண்ணி விற்கலாம். பொன்னையோ நிறுத்தே விலை கூறல் வேண்டும். நிறுக்கத்தக்கதனை எண்ணியமையால் நேரும் பிழையைக் காற்பந்தாட்டக்காரரின் திறனை எண்களால் மதிப்பிட முயன்றோர் வரலாறு நன்கு உணர்த்தும்.

கிரிக்கெட்டில் ஒருவர் எடுத்த ஓட்டங்கள் அவர் பெயருக்கு நேரே எழுதப்பெறும். காற்பந்திலோ, தொண்ணூறு நிமிடம் ஆடியும் ஒரு கோலும் விழாமல் முடியும் ஆட்டங்கள் உண்டு. விழும் கோலும் ஒருவர் காலினின்று புறப்படினும் பலர் உழைப்பால் விளைவதாகும். ஆதலின் ஒவ்வொருவர் பங்கையும் பிரித்தறிதல் எளிதன்று.

கணக்கியல் பயின்று இங்கிலாந்தின் விமானப் படையில் பணியாற்றியவர் சார்லஸ் ரீப் என்பார். அவர் 1950ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் சுவிண்டன் நகர அணியின் ஆட்டத்தைக் காணச் சென்றார். பிற்பாதியில் குறிப்பேட்டை எடுத்துப் பந்தின் நகர்வுகளைக் குறிக்கத் தொடங்கினார். பின்னர் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை அவ்வாறே குறித்தார். பெர்னார்டு பெஞ்சமின் என்னும் புள்ளியியல் அறிஞருடன் சேர்ந்து 1968இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். கோல்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 80, மூன்றுக்கு மேற்படாத பந்துப் பரிமாற்றங்களால் விளைந்தவை என்பது அவர் கண்ட கணக்கு. ஆதலின் பந்தை நெடுந்தொலைவு உதைத்து விரைவில் இலக்கை நெருங்குவதே நன்று என அவர் முடிவு கட்டினார்.

எண்ணிக்கையில் பிழையில்லை, முடிவே பிழைபட்டது. அவ்வாட்டங்களில் நிகழ்ந்த நகர்வுகளுள் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டவை மூன்று பரிமாற்றங்களுக்குள் முடிந்தவையே. தொண்ணூறு பங்கு முயற்சியால் எண்பது பங்கு பயன் பெறுதல் சிறப்பா? பத்துப் பங்கு முயற்சியால் இருபது பங்கு பயன் பெறுதல் சிறப்பா? மைக் ஹியூசு, இயன் பிராங்க்சு என்னும் ஆய்வாளர் இருவர் 1990, 1994 ஆகிய ஆண்டுகளின் உலகக் கோப்பை ஆட்டங்களை ஆராய்ந்தனர். முயற்சிகளின் அளவோடு ஒப்பிட்டு நோக்கின், நீண்ட பரிமாற்றங்களே மிகுதியான கோல்களைத் தந்தன என 2005இல் அவர்கள் காட்டினர்.

தனி ஆட்டக்காரரை மதிப்பிடுங்காலும் இந்நெறியே பொருந்தும். ஒருவர் 3,000 நிமிடம் ஆடிப் பத்துக் கோல் அடித்தார். மற்றொருவர் 1,000 நிமிடம் ஆடி ஐந்து கோல் அடித்தார் எனக் கொள்வோம். எண்ணினால் முன்னவர் உயர்ந்தவர். தொண்ணூறு நிமிடத்துக்கு இவ்வளவு எனக் கணக்கிடின் முன்னவர்க்கு 0.30, பின்னவர்க்கு 0.45 ஆகும். வாய்ப்பின் அருமையையும் நோக்குதல் வேண்டும். பெனால்டி உதைகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று கோலாகின்றன. நெடுந்தொலைவிலிருந்து உதைக்கும் பந்து கோலாவது அரிது. இரண்டையும் ஒரே நிறையினவாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இன்னும் ஓர் இடர்ப்பாடு உண்டு. படியையும் முழத்தையும் கூட்டுதல் இயலாது. அதுபோல, கோல் அடித்தலையும் பந்தைத் தடுத்தலையும் அப்படியே கூட்டுதல் இயலாது. இயன் மெக்கேல், பிலிப் ஸ்கார்ஃப், டேவிட் ஃபோல்கர் என்போர் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போட்டிக்கென வகுத்து 2012இல் விளக்கிய முறை இதற்கு வழி கண்டது. ஆட்டச் செயல் ஒவ்வொன்றும் அணியின் வெற்றிப் புள்ளிகளை எவ்வளவு உயர்த்தும் எனக் கணித்து, பலவகைச் செயல்களையும் அம்முறை ஓரலகில் நிறுத்தது. களத்தில் நின்ற நேரம், அடித்த கோல், கோலுக்குத் துணையாகத் தந்த பந்து, எதிரணிக்குக் கோல் விடாது காத்தமை முதலியவற்றையும் சேர்த்து ஆறு கூறுகளால் மதிப்பெண் அமைத்தது. அதனால் முன்வரிசையார், பின்வரிசையார், இலக்குக் காவலர் ஆகிய அனைவரும் ஒரே அட்டவணையில் இடம்பெற்றனர்.

எனினும், இத்தகைய கணக்கில் அகப்படாத திறனும் உண்டு. பின்வரிசையில் நிற்கும் வல்லான் ஒருவன், எதிரி பந்தைச் செலுத்த எண்ணும் வழியை முன்னரே அறிந்து அங்குப் போய் நிற்பான். பந்து அவ்வழி வாராது. அவன் அதனைத் தொடவுமில்லை, தடுக்கவுமில்லை; குறிப்பேட்டில் எழுத எதுவுமில்லை. ஆயினும் விழவிருந்த கோல் விழவில்லை. மதிப்பெண்ணை மட்டும் நோக்கி அணிக்கு ஆள் தெரிவோர் அத்தகையானை இழப்பர். அவனும் தனக்குரிய இடத்தை இழப்பான்.

ஆதலின் மதிப்பீடு செய்வோர் முதலில் பிழையற எண்ணுக. பின்னர் வாய்ப்பும் அருமையும் அறிந்து நிறுக்க. அதன் பின்னும், தம் துலாக்கோலில் ஏறாத திறன் யாதெனத் தேடுக.