உங்களுக்குத் தெரியுமா? கார் காயும் சூட்டில்தான் கேக்கும் வேகிறது!

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம். கார், கைப்பேசி, டயர், கண்ணாடி என எதையாவது சூடேற்றி உருவாக்கிக்கொண்டே இருக்கும் ஊர்கள் இவை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புகிற அப்பா அம்மாக்களுக்கும், பண்டிகைக்கு என்ன பலகாரம் என்று கேட்டு நச்சரிக்கும் குட்டிகளுக்கும் சில துணுக்குகள்.

பெயின்ட் ஷாப்பும் கேக்கும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் தயாரிக்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. பொதுவாகக் கார் ஆலைகளில் வண்டியின் கூட்டை முதல் பூச்சுத் தொட்டியில் முக்கி எடுத்ததும் நீளமான ஓவனுக்குள் அனுப்புவார்கள். அந்தப் பூச்சு இறுகுவதற்கான சூடு ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரி செல்சியஸ். வீட்டில் கேக் வேகவும் அதே சூடுதான் வேண்டும். பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு கேக் பதம் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை!

ஓவனை முதலில் சூடாக்குவது ஏன்?

கைப்பேசிக்கான சர்க்யூட் பலகையில் ஈயம் கலக்காத சால்டர் உருகிப் பிடிக்க உச்சத்தில் ஏறத்தாழ 240 டிகிரி சூடு கொடுப்பார்கள். ஆனால் பலகையை எடுத்த எடுப்பில் அந்தச் சூட்டில் வைப்பதில்லை. கன்வேயரில் நகர்த்தி, படிப்படியாகச் சூடேற்றித்தான் உச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். வீட்டு ஓவனில் நடைமுறை வேறு, கவனம் ஒன்றே. மாவை வைப்பதற்கு 10, 15 நிமிடம் முன்பே ஓவனைச் சூடாக்கிவிட வேண்டும். ஆறிய ஓவனில் வைத்தால், மாவு இறுகிப் பிடிக்கும் முன்பே உள்ளே உண்டான வாயு வெளியேறி கேக் அமுங்கிவிடும்.

இட்லி ஏன் சிவப்பதில்லை?

பிஸ்கட்டின் பொன்னிறமும் மணமும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடி வினைபுரிவதால் வருபவை. இதை 1912இல் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மையார். சுமார் 140 டிகிரியைத் தாண்டினால்தான் அந்த வினை வேகம் பிடிக்கும். நீராவி 100 டிகிரியோடு நின்றுவிடுவதால் இட்லி வெள்ளையாகவே இருக்கிறது. பக்கத்துக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லிக்கு மணம் தருபவை மிளகு, சீரகம், சுக்கு, நெய், மூங்கில் குடலைக்குள் விரித்த மந்தாரை இலை ஆகியவை.

சித்திரையில் வெண்ணெய், மார்கழியில் மாவு

வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்து நுரைக்க வைக்க ஏற்ற சூடு 18 முதல் 21 டிகிரி. நம் கத்திரி வெயிலில் வெண்ணெய் கிண்ணத்திலேயே உருகிவிடும். அதனால் கோடையில் எண்ணெய் சேர்த்த கேக், மார்கழியில் வெண்ணெய் கேக் என்று வைத்துக்கொள்ளலாம். பன் மாவு இதற்கு நேர் எதிர். சித்திரையில் மளமளவென்று பொங்கும், மார்கழியில் மணிக்கணக்கில் காக்க வைக்கும். இட்லி மாவைக் கவனிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

சென்னை மாகாணத்தின் கிறிஸ்துமஸ் கேக்

இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் தலச்சேரியில் செய்யப்பட்டது என்பார்கள். அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். பர்மாவில் தொழில் கற்றுவந்த மாம்பள்ளி பாபு 1880இல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் கொடுத்து, இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பாபு உள்ளூர்ச் சரக்கைப் போட்டே செய்து காட்டினார் என்பது கதை. கையில் இருப்பதை வைத்துக் கேக் செய்யலாம் என்பதற்கு இதைவிடப் பழைய முன்மாதிரி வேண்டுமா?

மனைவிக்காக ஒரு பவுடர்

முட்டையும் ஈஸ்ட்டும் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாததால், 1843இல் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட். நம் மளிகைக் கடையின் ஆப்ப சோடா மாவை நன்றாகப் பொங்கவைக்க ஒரு புளிப்புத் துணை வேண்டும். தயிரோ மோரோ அந்த வேலையைச் செய்துவிடும். பேக்கிங் பவுடரில் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது. முட்டை போடாத வீட்டில் ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் கெட்டித் தயிர் போடலாம். சோடா அதிகமானால் சோப்பு வாடை வரும், அளவு முக்கியம்.

பிசையட்டும், விடுங்கள்!

கேக் மாவைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் விடாமல் கலக்குவார்கள். மைதாவில் இருக்கும் குளூட்டன் கலக்கக் கலக்க இறுகி, கேக் ரப்பராகிவிடும். அரிசி மாவிலும் கேழ்வரகு மாவிலும் குளூட்டன் இல்லை. எவ்வளவு நேரம் பிசைந்தாலும் அந்தக் கெடுதல் வராது. ஆகவே நான்கு வயதுக் குட்டிக்குக் கேழ்வரகு பிஸ்கட் மாவு, பெரியவர்களுக்குக் கேக் மாவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் நெய் சேர்த்து பிஸ்கட் தட்டலாம். அதில் வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் இனிப்பைக் குறைத்துப் போடவும்.

அடையாற்றில் மாண்டிசோரி

குழந்தை ஊற்றுவது, கிளறுவது, துடைப்பது எல்லாமே பாடம் என்று சொன்ன இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவில் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். நம் சமையலறையிலும் மூன்று வயதில் பொட்டுக்கடலையில் கல் பொறுக்கலாம். ஐந்து வயதில் கப்பால் மாவு அளக்கலாம். அரை, கால், முக்கால் எல்லாம் பள்ளிக்கூடம் சொல்லித்தரும் முன்பே கைக்கு வந்துவிடும்.

ஆடி ஒன்றில் தேங்காய் சுடலாம்

சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆடி முதல் நாள் அங்கே பிள்ளைகளுக்குத் திருவிழா. தேங்காய்க் கண்ணில் துளையிட்டு, அவல், பொட்டுக்கடலை, எள், வெல்லம் ஆகியவற்றை உள்ளே திணித்து, நீண்ட குச்சியில் செருகி, தெருவில் மூட்டிய நெருப்பில் வாட்டுவார்கள். ஓடு கருகி வெடித்ததும் பிள்ளையாருக்குப் படையல், பிறகு பங்கு. மாவும் ஓவனும் இல்லாத நம் ஊர் பேக்கிங் இது!

கொழுக்கட்டையின் கொரிய உறவு

கொரிய நிறுவனங்களோடு கொரியக் குடும்பங்களும் இந்தப் பகுதிக்கு வந்தன. அவர்களின் அறுவடைப் பண்டிகை சுசோக். அதற்கு அரிசி மாவைப் பிசைந்து, உள்ளே எள்ளோ பயறோ இனிப்பாக வைத்து, பிறை வடிவில் மடித்து, பைன் இலைகள் மேல் ஆவியில் வேகவைக்கும் பண்டம் சோங்பியன். நம் பூரணக் கொழுக்கட்டைக்கு அப்படியே ஒன்றுவிட்ட தங்கை. குடும்பமாக உட்கார்ந்துதான் செய்வார்கள். அழகாகப் பிடிப்பவருக்கு அழகான குழந்தை பிறக்கும் என்பது அங்கே நம்பிக்கை. 2024இல் விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 7, சுசோக் செப்டம்பர் 17. பத்தே நாள் இடைவெளி!

சீடை ஏன் வெடிக்கிறது?

கோகுலாஷ்டமிக்குச் சீடை பொரிக்கும்போது மேல்தோல் சட்டென்று கெட்டியாகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் வெடிக்கும். மாவைச் சலித்துக் கப்பியை நீக்கவும். அழுத்தாமல் உருட்டவும். துணியில் பரப்பி உலரவிட்டுப் பிறகு எண்ணெயில் போடவும். பிள்ளைகள் விரிசலும் கோணலுமாக உருட்டும் சீடையைத் திருத்தாதீர்கள். அந்த விரிசல் வழியே ஆவி போய்விடும். உருட்டுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. வாணலிப் பக்கம் வரவே கூடாது.

ஆயுத பூஜைப் பொரி

ஆண்டு முழுக்க ஓடும் இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ஊழியர்களுக்குப் பொரி, கடலை, இனிப்பு. ஆலைப் பகுதியில் ஆயுத பூஜை வீட்டுக்கு வருவது பொரிப் பையாகத்தான். புழுங்கலரிசி சுடுமணலில் பட்டதும் உள்ளிருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி அரிசியை ஊதிவிடுகிறது. அதுதான் பொரி. மிச்சப் பொரி நமத்துப் போனால் வெறும் வாணலியில் லேசாக வறுத்து, வெல்லப்பாகில் புரட்டுங்கள். கார்த்திகைக்கு முன்பே பொரி உருண்டை தயார். பாகு சூடு குறைந்த பிறகே சின்னக் கைகள் உருண்டை பிடிக்கலாம்.

தீபாவளி முடிந்து ஆறாம் நாள்

பக்கத்து அறைப் பீகார் தொழிலாளி ஒரு பலகாரம் கொடுத்தால் அது தேக்குவாவாக இருக்கலாம். தீபாவளிக்குப் பின் ஆறாம் நாளில் வரும் சட் பூஜைக்கு, சூரியனுக்குப் படைக்கும் பண்டம். கோதுமை மாவு, வெல்லம், நெய் சேர்த்துப் பிசைந்து, கோலம் செதுக்கிய மர அச்சில் அழுத்தி, நெய்யில் பொரிப்பார்கள். பல நாள் கெடாது. பதிலுக்கு நம் அதிரசத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதுவும் வெல்லப் பண்டம்தான், அதுவும் பல நாள் தாங்கும்.

பல்லுக்குக் கொழுக்கட்டை

குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் இலங்கைத் தமிழர் வீடுகளில் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு நடக்கும். தேங்காய்ச் சொட்டைப் பல் வரிசையாக நறுக்கிக் கொழுக்கட்டையில் பதிப்பார்கள். பிள்ளையின் தலைமேல் துணி பிடித்து, கொழுக்கட்டைகளைக் கொட்டி வாழ்த்துவார்கள். முன்னால் பரப்பிய புத்தகம், பேனா, நகை முதலியவற்றில் பிள்ளை எதை எடுக்கிறதோ அதை வைத்து எதிர்காலத்தை ஊகிப்பது அடுத்த வேடிக்கை. டொரன்டோ வரைக்கும் போய்விட்ட வழக்கம் இது.

கொடுக்கக் கூடாதவை

ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியா வித்துகள் பச்சிளங்குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்த்த பண்டமே வேண்டாம் என்கின்றன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 பரிந்துரைகள். ஐந்து வயதுக்குள் முழு வேர்க்கடலை, முழு முந்திரி தராமல் பொடித்துப் போடுங்கள், தொண்டையில் அடைக்கும். கேக் மாவை விரலால் வழித்து நக்க விடாதீர்கள். பச்சை முட்டையில் மட்டுமல்ல, பச்சை மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம்.

ரோஸ் நிறம் ஜாக்கிரதை

துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் பஞ்சு மிட்டாயில் கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்ததும், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. வீட்டில் ரோஸ் வேண்டுமென்றால் பீட்ரூட் சாறு இருக்கிறது. ஆனால் ஓவனின் நீண்ட சூட்டில் அதன் நிறம் மங்கிப் பழுப்பாகும். கேக்கின் மேல் பூசும் கிரீமில் கலந்தால் நிறம் நிற்கும்.

வாடகை வீட்டில் ஓவன்

ஓ.டி.ஜி. எனப்படும் மேசை ஓவன்கள் 1,200 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். சாதாரண 6 ஆம்ப் பிளக், 230 வோல்ட்டில் சுமார் 1,380 வாட்தான் தாங்கும். 16 ஆம்ப் பவர் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் மூடியுள்ள பழைய கனமான பாத்திரத்தில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, சிறுதீயில் கேக் சுடலாம். குக்கரில் செய்தால் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீரில்லாத குக்கரை அப்படிச் சுடவைத்தால் பாத்திரம் கெடும் என்பதால் புதுக் குக்கரைத் தொடாதீர்கள்.

விற்கப் போகிறீர்களா?

கேக் நன்றாக வந்து, அக்கம்பக்கத்தில் ஆர்டர் கேட்கத் தொடங்கினால் முதல் வேலை பதிவு. வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தில் பதிய வேண்டும். கொழுப்பிலும் ஒரு விதி உண்டு. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பேக்கரிக் கொழுப்பு வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள்.

அளவு, நேரம், சூடு, சுத்தம். ஆலையில் நீங்கள் தினமும் கட்டிக் காப்பவை இவை. வீட்டில் பலகாரத்துக்கும் இந்த நான்கு போதும். அடுத்த வார விடுமுறையில் கைப்பேசியை ஓரம் வைத்துவிட்டு, கை கழுவிய பிள்ளையை மாவுக் கிண்ணத்தின் முன் உட்காரவையுங்கள். தரையெல்லாம் மாவு சிந்தும், பரவாயில்லை. துடைப்பதையும் பிள்ளையையே செய்யச் சொல்லுங்கள்.