பழைய காரும் காயாத எண்ணெயும்

பழைய பெட்ரோல் கார் வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது விலையை, அடுத்தது ஓடிய தூரத்தை. "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்ற வாசகத்துக்குத் தமிழ்நாட்டு செகண்ட் ஹேண்ட் சந்தையில் தனி மதிப்பு உண்டு. நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசி-க்கும் மிகாத புதிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. அதனால் பழைய காருக்குப் பேரம் பேசவும் இடம் கூடியிருக்கிறது. ஆனால் பேரம் இன்னமும் அந்தத் தூரக் கணக்கைச் சுற்றித்தான் நடக்கிறது. மீட்டரில் கை வைக்காத நேர்மையான காரிலும்கூட, எஞ்சினின் நிலைமையைப் பற்றி அந்த எண் சொல்வது குறைவு.

ஒரு சின்னக் கணக்கு. திருச்சி நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போன கார், 50,000 கிலோமீட்டரை 833 மணி நேரத்தில் முடித்துவிடும். நகர நெரிசலில் சராசரி 18 கிலோமீட்டர் என்றால் அதே தூரத்துக்கு எஞ்சின் சுமார் 2,780 மணி நேரம் ஓடியிருக்கும். சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது தூரம் காட்டும் மீட்டர் நின்றுவிடுகிறது, எஞ்சின் நிற்பதில்லை. டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஜெனரேட்டருக்கும் மணிக்கணக்கு பார்த்துத்தான் சர்வீஸ் செய்கிறார்கள். காருக்கு மட்டும் இந்தப் புத்தி வரவில்லை.

வரலாற்றில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்கு மிகாத, 1,200 சிசி-க்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு உற்பத்தி வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். மாருதியின் 1,197 சிசி, ஹூண்டாயின் 1,197 சிசி, ஹோண்டா, டாட்டா இரண்டின் 1,199 சிசி எல்லாம் அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே நிற்பது தற்செயல் இல்லை. சந்தையில் இன்று கிடைக்கும் குடும்பக் கார்களில் பெரும்பகுதி இந்த அளவில் இருப்பதற்கு எஞ்சினியரைவிட வரி அட்டவணையே காரணம்.

இந்தச் சிறிய எஞ்சின்கள் சீக்கிரம் கெடுவதில்லை. கெடும்போது, பெரும்பாலும் ஆயிலில்தான் தொடங்குகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எரிபொருளிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். காலையில் கார் கிளம்பும்போது குழாயின் நுனியில் சொட்டுவது அதுதான். ஆனால் ஒரு சிறு பங்கு, பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் நுழைந்து கீழே ஆயில் இருக்கும் பக்கம் இறங்குகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலும் சரியாக ஆவியாகாது. அதைச் சரிக்கட்ட எஞ்சினின் கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கிறது. எரியாத துளிகள் சிலிண்டர் சுவரில் ஒட்டி, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகின்றன. எஞ்சின் நன்றாகச் சூடானால் தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலிலிருந்து ஆவியாகி மேலே கிளம்பும். கிராங்க் அறையிலிருந்து காற்றை உறிஞ்சும் குழாய் அவற்றை மறுபடியும் எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும். ஆக எல்லாம் ஆயில் சூடாவதைப் பொறுத்தது. ஆயிலோ கூலன்டைவிட நிதானமாகத்தான் சூடாகும். டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் இன்னும் பாதி வழியில்தான் இருக்கும்.

டீக்கடை வடைச்சட்டியில் எழும் 'சொய்' என்ற சத்தம், மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி ஓடும் சத்தம். காய்ந்த எண்ணெயில் ஈரம் தங்காது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிளினிக்குக்கு மட்டும் போய்வரும் கார், ஒரு வினோதமான வடைக்கடை. மாஸ்டர் அடுப்பைப் பற்றவைக்கிறார், எண்ணெய் காய்வதற்குள் நாலு வடையைப் போடுகிறார், அவை வேகும் முன்பே அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார். சாயங்காலம் மறுபடியும் நாலு. மாவின் ஈரம் சட்டியிலேயே தங்குகிறது. போதாக்குறைக்கு ஸ்டவ்விலிருந்து தினம் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் சட்டிக்குள் விழுகிறது. வருஷக் கடைசியில் எண்ணெயை மாற்றச் சொன்னால், "மொத்தமே மூவாயிரம் வடைதானே போட்டிருக்கோம், பக்கத்துக் கடையில பத்தாயிரம் போட்ட பிறகுதானே மாத்துறாங்க" என்கிறார். அவர் வடையை எண்ணுகிறார். டாக்டர் வண்டிக்காரர் கிலோமீட்டரை எண்ணுகிறார். எண்ணெய் இரண்டையும் எண்ணுவதில்லை.

ஆயில் மாற்ற, கையேடுகளில் பொதுவாக அச்சிட்டிருப்பது "10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்தியோ அது" என்று. குறைவாக ஓடும் காருக்குப் பொருந்துவது இந்த வாக்கியத்தின் பின்பாதி. உரிமையாளர்கள் படிப்பது முன்பாதி. எட்டு வருஷத்தில் 25,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கு எட்டுத் தடவை ஆயில் மாற்றியிருக்க வேண்டும். இரண்டே பில் காட்டினால், அந்தக் குறைந்த தூரத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இதில் ஒரு மிகையும் கலந்திருக்கிறது, அதையும் கழிக்க வேண்டும். குட்டைப் பயணங்களைப் பற்றிய எச்சரிக்கைகள் பெரும்பாலும் பனி கொட்டும் நாடுகளில் எழுதப்பட்டவை. உறைநிலைக்குக் கீழே கிளம்பும் எஞ்சினும் தஞ்சாவூரில் 28 டிகிரியில் கிளம்பும் எஞ்சினும் ஒன்றல்ல. சமவெளியில் ஆயில் சீக்கிரமே சூடாகிவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உள்ளூருக்குள்ளேயே சுற்றிய காருக்கு அந்த எச்சரிக்கை முழுதாகப் பொருந்தும். அங்கே ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிர்மஞ்சள் பசை படிந்திருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். சென்னை, கோவை கார்களுக்கு ஈரத்தைவிட மணிக்கணக்கு பெரிய எதிரி. ஆயிலின் நிறத்தை வைத்துப் பயமுறுத்துவதும் வேண்டாம். அழுக்கைக் கழுவி மிதக்க வைக்கும் ரசாயனங்கள் ஆயிலில் உண்டு. கறுத்த ஆயில் தன் வேலையைச் செய்திருக்கிறது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே மெல்லிய பழுப்புப் படலம் தெரிவது வழக்கம். தார் மாதிரித் தடித்த படிவு தெரிந்தால் காரை விட்டுவிட வேண்டியதுதான்.

பழைய எஞ்சின்களில் ஆயிலுக்கு வேலை உராய்வைக் குறைப்பதும் சூட்டை எடுத்துச் செல்வதும். கடந்த இருபது ஆண்டுகளில் வந்த எஞ்சின்களில் அது தசை வேலையும் செய்கிறது. மாருதியின் கே வரிசை, ஹூண்டாயின் கப்பா போன்றவற்றில் கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது டைமிங் செயின். அந்தச் செயின் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனருக்கு பலம் தருவது ஆயிலின் அழுத்தம். வால்வு திறக்கும் நேரத்தை வேகத்துக்கேற்ப மாற்றும் விவிடி அமைப்பில், கேம் ஷாஃப்டைச் சில டிகிரி முன்னும் பின்னும் திருப்புவதும் ஆயிலே. மெல்லிய வலைகள் வழியாக, நூலிழை போன்ற துவாரங்கள் வழியாக அது போக வேண்டியிருக்கிறது. கசடு சேர்ந்தால் முதலில் அடைபடுவது இந்த இடங்கள்.

"செயின் நீண்டுபோச்சு" என்று மெக்கானிக்குகள் சொல்வது வழக்கம். எஃகுத் தகடுகள் இழுபட்டு நீள்வதாக இதற்கு அர்த்தமில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஒவ்வொரு பின்னும், கரித்துகள் மிதக்கும் ஆயிலில் உரசித் துளித்துளியாகத் தேய்கிறது. செயினில் 120 பின்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால், மொத்த நீளம் 1.2 மில்லிமீட்டர் கூடிவிடும். கேம் ஷாஃப்ட் அதற்கேற்பப் பின்தங்கும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் நூற்றிருபதால் பெருகி வால்வின் நேரத்தைக் குலைக்கிறது. விவிடி தன்னால் இயன்ற வரை ஈடுகட்டும். முடியாத நாளில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0016 என்ற குறியீடு வரும். கிராங்க் ஷாஃப்டும் கேம் ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள்.

பழைய கார் பரிசோதனையில் மிக மலிவானதும் மிக உருப்படியானதும் இதிலிருந்தே பிறக்கிறது. இரவு முழுக்க நின்ற எஞ்சினில் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் இருக்காது. ஸ்டார்ட் செய்த முதல் நொடியில் லேசாகச் சத்தம் வந்து அடங்கினால் பரவாயில்லை. செயின் பக்கத்திலிருந்து சில நொடிகள் தொடர்ந்து கடகடவென்று கேட்டால் செயினோ டென்ஷனரோ முடியப் போகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் இந்தச் சத்தம் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். ஆகவே காலையில், அன்றைக்கு ஒரு தடவையும் ஸ்டார்ட் செய்யாத நிலையில் காரைப் பார்க்க வேண்டும். போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். "இருநூறு அம்சப் பரிசோதனை முடிந்தது" என்ற சான்றிதழ்களில் வைப்பருக்கும் ஒரு மதிப்பெண், சீட் உறைக்கும் ஒரு மதிப்பெண். குளிர்ந்த எஞ்சினை யாராவது கேட்டார்களா என்பதை அவை சொல்வதில்லை.

இந்தக் குறியீடுகளைப் படிக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியும் உதவும். எஞ்சின் விளக்கு எரியவில்லை என்பதால் மட்டும் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. காட்டுவதற்கு முன் குறியீடுகளை அழித்திருக்கலாம். அழித்தால், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியலும் முதலிலிருந்து தொடங்கும், "முடியவில்லை" என்று காட்டும். அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கையும் பல கார்கள் தருகின்றன. அது வெறும் 12 என்று இருந்தால், விற்பவரிடம் காரணம் கேட்பது நியாயம்.

டர்போ பொருத்திய 1.0 லிட்டர் எஞ்சின்களின் இழுவையைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. பழைய காராக வாங்கும்போது பேச வேண்டியது வேறு. அவற்றில் பல, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கின்றன. அதனால் உள்ளிழுக்கும் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை, அங்கே கரி படிகிறது. டர்போவின் சூட்டையும் ஆயிலே தாங்க வேண்டும். ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட் போன்ற சிலவற்றில் ரப்பர் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பெட்ரோல் கலந்த, மாற்றாத ஆயில் அந்த ரப்பரையே அரிக்கும். இதே குடும்ப எஞ்சினில் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டுக்காக 2023 இறுதியில் அமெரிக்காவில் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மறைமலை நகரில் தயாராகி அங்கே போன ஈகோஸ்போர்ட்டும் அவற்றில் உண்டு. குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர, ஆயில் பில்கள் சரியாக இருக்கும், டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினே பழைய காரில் நிம்மதி.

மற்றவை சுருக்கமாக. டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். 2017 மாடல் கார் 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லி, நாலு டயரும் 2021-இல் பிறந்தவையாக இருந்தால் கணக்கு உதைக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் சென்னையில் ஏராளமான கார்களை நனைத்தன; சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சேற்றுக் கறைக் கோடு தெரிகிறதா என்று பார்க்கலாம். ஆர்சி-யில் வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும், படிவம் 29, 30 கையெழுத்தாக வேண்டும். தனிநபரிடமிருந்து தனிநபர் வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. பதிவு பெற்ற வியாபாரி தன் லாப வித்தியாசத்துக்கு 18 சதவீதம் கட்ட வேண்டும்.

பெட்ரோல் பங்க்குகளில் இப்போது ஊற்றும், 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலைப் பற்றி இரண்டு பக்கமும் கூச்சல் அதிகம். எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே தூய பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஈ20-இல் லிட்டருக்கு ஆறேழு சதவீத ஆற்றல் குறையும். மைலேஜ் பாதியாகிவிட்டது என்பதும் மாற்றமே இல்லை என்பதும் கணக்கில் நிற்காது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான காரில் எரிபொருள் குழாய்களின் ரப்பரையும் கேஸ்கெட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

எட்டு வயதுக் காரில், பில்லோடு நெடுஞ்சாலையில் ஓடிய 80,000 கிலோமீட்டர், பில் இல்லாமல் தெருவுக்குள் ஓடிய 25,000 கிலோமீட்டரைவிட மேலானது. சந்தை விலை இதற்கு நேர்மாறாக இருப்பதால் வாங்குகிறவருக்கு லாபமும் உண்டு. எதை வாங்கினாலும் வந்த வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். மூன்று மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும், பெரிய செலவில்லை. பழைய எஞ்சினுக்குக் கெட்டியான 20டபிள்யூ-40 ஆயில் நல்லது என்று மெக்கானிக் சொன்னாலும், கையேட்டில் அது இல்லையென்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது. கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கும்; ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டென்ஷனருக்கும் விவிடி-க்கும் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.