ஓடுகிறவனுக்கு எத்தனை வாட்?

ஓட்டப் பந்தயத்தில் தோற்பவர்களில் பலர் கால் தளர்ந்து தோற்பதில்லை. கணக்குத் தவறித் தோற்கிறார்கள். அமெரிக்காவில், பாஸ்டன் மாரத்தான் பந்தயத்தில் 1936-ஆம் வருஷம் நடந்த சம்பவம் இதற்கு நல்ல திருஷ்டாந்தம்.

முந்தின வருஷம் வெற்றி மாலை சூடிய ஜானி கெல்லி, வெகு தூரம் முன்னால் போய்விட்ட எல்லிஸன் பிரவுனைத் துரத்திக்கொண்டு நியூட்டன் மேடுகளில் ஏறினார். எட்டிப் பிடித்ததும் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டே வினையாயிற்று. பிரவுன் மறுபடியும் வீறு கொண்டு ஓடி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார்; துரத்துவதிலேயே பலத்தைச் செலவழித்துவிட்ட கெல்லி ஐந்தாவதாக வந்து சேர்ந்தார். பத்திரிகைக்காரரான ஜெரி நேஸன் அந்த மேட்டுக்கு 'நெஞ்சு முறிந்த குன்று' என்று பொருள்படப் பெயர் சூட்டினார். பிரவுன் அமெரிக்கப் பூர்வகுடிகளான நாரகான்ஸெட் மக்களில் ஒருவர். அப்படி ஒரு குலமே இனி இல்லையென்று ரோட் ஐலண்டு சர்க்கார் 1880-இல் தீர்மானித்திருந்தது! இல்லாத குலத்தான் முதலாவதாக வந்தான் என்பதில் நமக்கு ஒரு தனிச் சந்தோஷந்தான்.

அந்தக் குன்று அப்படியொன்றும் இமயமலையன்று. 600 மீட்டர் தூரத்தில் சுமார் 27 மீட்டர் உயர்கிறது. ஆனால் 32 கிலோமீட்டர் ஓடிக் களைத்த பிறகு எதிர்ப்படுகிறது. கடிகாரத்தைப் பார்த்து, சமதரையில் ஓடிய வேகத்திலேயே அதன்மேல் ஏறுகிறவன் என்ன விலை கொடுக்கிறான்? 60 கிலோ எடையுள்ளவன் அந்த உயரத்தை இரண்டரை நிமிஷத்தில் ஏறினால், விநாடிக்கு விநாடி 100 வாட்டுக்குச் சற்று அதிகமாக வேலை செய்கிறான். மின்சார விளக்கின்மேல் பொறித்திருக்கும் அதே வாட்தான். இது சமதரையில் ஓடும் பிரயாசைக்கு மேற்பட்டது. நம் தசைகளோ செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. மிச்சமெல்லாம் உஷ்ணமாய்ப் போகிறது. ஆகவே உடம்புக்கு உண்மையான செலவு 400 வாட்.

இந்தச் செலவைக் கடிகாரம் காட்டாது. நாடித் துடிப்பு காட்டும். ஆனால் தாமதித்துக் காட்டும். சுமார் பத்து வருஷங்களாகப் பழக்கத்தில் வந்திருக்கும் வாட்மானியின் உபயோகம் இங்கேதான். பாதரட்சையின் கயிற்றில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி அது. காலின் அசைவையும் தரையின் ஏற்றத்தையும் உணர்ந்து, ஓடுகிறவனுடைய எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு, மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்துக்கு எண்ணாக அனுப்புகிறது. சமதரையில் 250 என்றால் மேட்டிலும் 250-ஐ விட்டு அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது. வேகம் குறைந்தால் குறையட்டும்.

ஆனால் அதை வேதவாக்காகக் கொள்ளலாகாது. சைக்கிளில் மிதிக்கும் விசையை நேராகவே அளந்துவிடலாம். ஓட்டத்தில் கருவி செய்வதெல்லாம் அனுமானம். ஒரு கம்பெனியின் எண் மற்றொன்றின் எண்ணோடு ஒத்துப் போவதில்லை. தன் நேற்றைய ஓட்டத்தோடு இன்றையதை ஒப்பிடத்தான் அது தகும். இறக்கத்திலோ எண் குறைவாகவே இருக்கும். தொடைகள் படும் பாட்டை அது சொல்லாது.

விலை கொடுத்து வாங்கித்தான் தீர வேண்டுமென்பதில்லை. 3 மீட்டர் உயரமுள்ள மாடிப் படியை உங்கள் வீட்டுப் பையன் எத்தனை விநாடியில் ஏறுகிறான் என்று பாருங்கள். 50 கிலோ எடையுள்ளவன் 5 விநாடியில் ஏறினால் சுமார் 294 வாட். குதிரைச் சக்தி ஒன்றுக்கு 746 வாட். அதே வேகத்தில் பத்து முறை ஏறச் சொன்னால் மூன்றாவது முறையிலேயே முகம் சொல்லிவிடும்.

கெல்லி 1945-இல் மறுபடியும் அந்தப் பந்தயத்தில் வென்றார். 61 தடவை அதில் கலந்துகொண்டு, 1992-இல் தம் 84-வது வயதில் கடைசி முறையாக அந்தக் குன்றின்மேல் ஓடினார். ஓடுகிறவர்களுக்கு அப்போது வாட்மானி கிடையாது.