நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு?

பட்டறை வாசல் – 11

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை இரவில் பார்க்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் வரும், யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயம் வரும். கண்டியிலிருந்து வடக்கே போகும் ஏ9 வீதியும் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியும் சந்திக்கிற ஊர் என்பதால் 1999இல் இந்தச் சந்தை இங்கே திறக்கப்பட்டது. பயிரிட்டவரும் சமைப்பவரும் இங்கே ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. நடுவில் நிற்கும் முதலாளி விலை சொல்வார், நிறுப்பார், தன் பங்கை எடுத்துக்கொள்வார். அவரைத் திட்டாத விவசாயியை நான் கண்டதில்லை. அவரில்லாமல் ஒரு மூட்டை கத்தரிக்காயைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்த விவசாயிகளையும் அதிகம் கண்டதில்லை.

சந்தையிலிருந்து சற்றுத் தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஓடாவி ஒருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டதும் இந்த நடுவாளின் விஷயமாகத்தான். மாத்தளைக்காரர். சிங்கள வாடிக்கையாளருக்கு 'பாஸ் உன்னெஹே', எனக்கு அண்ணன்.

"தம்பி, கொழும்பு ஏஜென்ட் முப்பத்திரண்டு இலட்சம் சொல்றான். அதே மெஷினுக்கு சீனாக் கம்பெனிக்காரன் வாட்ஸ்அப்ல ஆறாயிரம் டொலர்ங்கிறான். பதினெட்டு இலட்சம்! மிச்சம் பதினாலை நான் எதுக்கு இவனுக்குக் குடுக்கணும்?"

அவர் கேட்டது ஸ்லைடிங் டேபிள் வாள். 1906இல் ஜெர்மனியில் கம்பெனி தொடங்கிய வில்ஹெல்ம் அல்டென்டோர்ஃபின் பெயரோடு ஒட்டிப்போன வகை. பலகையை வாளை நோக்கித் தள்ளுவதற்குப் பதில், பலகை கிடக்கும் மேசையே தண்டவாளத்தில் ஓடும். 3,200 மில்லிமீற்றர் மேசையில் எட்டுக்கு நாலடித் தகட்டை ஒரே ஆள் கிடத்தி அறுக்கலாம். பெரிய வாளுக்கு முன்னால் சின்ன வாள் ஒன்று எதிர்ப்பக்கமாகச் சுழன்று அடிப்பக்கத்தில் மெல்லிய கீறல் போட்டுவிடும். மெலமைன் விளிம்பு பிசிறாது. அலுமாரி, சமையலறைக் கபர்ட் என்று ஓர்டர் பிடிப்பவருக்கு இது ஆடம்பரமில்லை.

சிமெந்துப் பையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தோம். கம்பெனிக்காரன் சொன்ன ஆறாயிரம், சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிவிடுவது வரைக்கும்தான். அதன் பிறகு கப்பல் கூலி, காப்புறுதி. கொழும்பில் துறைமுக வரி, 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்பு வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக நிற்கும் வற். வரி டொலர் விலைக்கு மட்டுமில்லை, கப்பல் கூலியையும் சேர்த்துத்தான் போடுவார்கள். வாஃப் கிளார்க்குக்குக் கூலி. பெட்டி துறைமுகத்தில் தாமதித்தால் நாள் வாடகை. பிறகு தம்புள்ளை வரை நூற்றைம்பது கிலோமீற்றர் லொறி. வந்து நிற்பது ஏறக்குறைய ஒரு தொன் வார்ப்பிரும்பு. அதைச் செயின் புளொக் கட்டி இறக்க நாலு பேர். கூட்டிப் பார்த்தால் இருபத்தாறு, இருபத்தேழு இலட்சம். பதினாலு என்று அவர் கொதித்த வித்தியாசம் ஐந்தாறு இலட்சமாகச் சுருங்கிவிட்டது. அண்ணன் சிமெந்துப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மறுபக்கத்தில் ஏதாவது குறையுமா என்று.

ஐந்தாறு இலட்சமும் சும்மா வரும் காசில்லை. அது எதற்கான விலை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் டொலர். வழக்கமான நிபந்தனை முப்பது வீதம் முன்பணம், மிச்சம் எழுபது கப்பலேற்றும் முன். அண்ணனின் மச்சான் ஒருவர் 2022 ஜனவரியில் ஆறாயிரம் டொலர் மெஷினுக்கு இப்படித்தான் 1,800 கட்டினார். அப்போது டொலர் 203 ரூபாய். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியை விட்டது. ஏப்ரலில் டொலர் 320ஐத் தாண்டியது. 12ஆம் திகதி அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மீதி 4,200 டொலருக்கு எட்டரை இலட்சம் எடுத்து வைத்திருந்தவர் பதின்மூன்றரை இலட்சம் தேட வேண்டியதாயிற்று. தேடிக்கொண்டு போனால் வங்கியில் டொலர் இல்லை. ஏஜென்ட்மாரும் அந்த மாதம் விலைச்சீட்டை மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள், அவர்களைத் தியாகிகளாக்க வேண்டாம். ஆனால் கொழும்பு ஸ்டோரில் இறக்கி வைத்த மெஷினை ரூபாய்க்கு வாங்கியவருக்கு அன்றோடு தலைவலி முடிந்தது.

இரண்டாவது, மெஷின் நின்றுபோகும் நாள். இங்கேதான் எல்லா மெஷினையும் ஒரே தராசில் வைத்துத் தப்புப் பண்ணுகிறோம். அண்ணன் பட்டறையின் பழைய பிளேனரைத் திறந்து பார்த்தேன். தண்டின் இரு முனையிலும் 6205 என்று பொறித்த பெயாரிங். உட்துளை 25 மில்லிமீற்றர், வெளி விட்டம் 52. உலகத்தில் எவன் செய்தாலும் அந்த இலக்கத்துக்கு அதே அளவு. மோட்டார் சைக்கிள் பாகங்கள் விற்கும் கடையில்கூடக் கேட்டு வாங்கலாம். பெல்ட்டும் அப்படியே. மோட்டார் எரிந்தால் வைண்டிங் கட்ட ஊரில் ஆளிருக்கிறது. இப்படிப்பட்ட மெஷினை யாரிடம் வாங்கினாலும் ஒன்றுதான்; நேரே கம்பெனியிடமும் துணிந்து வாங்கலாம். எட்ஜ் பேண்டர் கதை வேறு. கிட்டத்தட்ட 180, 200 பாகையில் பசையை உருக்கி விளிம்பில் நாடாவை ஒட்டும் மெஷின் அது. சூடேற்றி, சென்சர், கன்ட்ரோல் போர்ட் எல்லாம் அந்தக் கம்பெனிக்கே உரியவை. போர்ட் போனால் மெஷின் முழுக்க இரும்புக் கட்டில். அண்ணன் கேட்கும் வாள் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: இரும்பு பொதுச் சாமான், டிஜிட்டல் அளவுகோல் கம்பெனிச் சாமான். அளவுகோல் இல்லாத மொடலை எடுங்கள் என்றேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பச்சை எழுத்தில் இலக்கம் ஓடுவது வாடிக்கையாளர் கண்ணுக்கு அழகாம்.

வெளிநாட்டில் கம்பெனியே நேரே விற்பதில்லையா என்று கேட்பீர்கள். விற்கிறது. அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய கிரிஸ்லி, டீலரே இல்லாமல் கட்டலொக் அனுப்பி விற்று வளர்ந்தது. 1956இல் தொடங்கிய ஒஸ்திரியாவின் ஃபெல்டர், பல நாடுகளில் தன் சொந்தக் கிளைகளை வைத்து விற்கிறது. அங்கெல்லாம் நடுவாளின் வேலை மறைந்துவிடவில்லை. உதிரிப் பாகக் கிடங்கையும் தொலைபேசி எடுக்கும் மெக்கானிக்கையும் கம்பெனி தானே வைத்துக்கொண்டது. சீனாவின் ஷுண்டே பக்கம் லுன்ஜியாவ் என்ற ஊர் முழுக்க மரவேலை மெஷின் பட்டறைகள்தான். அங்கிருந்து வாங்கும் தம்புள்ளை ஓடாவி அந்தக் கிடங்கும் மெக்கானிக்கும் தானே ஆக வேண்டும்.

ஜப்பான் ரீகண்டிஷன் மெஷின் என்று மூன்றாவது வழியொன்றும் சொல்வார்கள். இரும்பு நல்ல இரும்பு. ஆனால் ஜப்பானில் ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே 50 ஹேர்ட்ஸ், மேற்கே 60. மேற்குப் பக்கத்து மோட்டார் நம் 50இல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். அவர்களின் மூன்று பேஸ் 200 வோல்ட், நம்முடையது 400. ட்ரான்ஸ்போமர் விலையையும் சேர்த்துப் பேசுகிற தரகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஏஜென்ட் என்று பலகை மாட்டியவரெல்லாம் ஏஜென்ட் இல்லை என்பது எனக்கும் பட்டுத் தெரிந்தது. என் தம்பி பட்டறைக்கு ஒரு திக்னசர் வாங்கினோம். கியர் பல்லு உடைந்ததும் விற்றவரிடம் போனால், அவர் எங்கள் முன்னாலேயே போனை எடுத்துச் சீனாவுக்கு மெசேஜ் அனுப்பினார். அதை நாங்களே அனுப்பியிருக்கலாமே! பதினொரு கிழமை மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. அதிலிருந்து நான் காட்சியறையைப் பார்ப்பதில்லை. பின்னால் இருக்கும் ஸ்டோரைத் திறந்து காட்டச் சொல்கிறேன். இந்த மெஷினுக்கு எந்தப் பாகம் கைவசம் இருக்கிறது, என்ன விலை என்று கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்கிறேன். எழுதுபவருக்கு ஐந்தாறு இலட்சம் கொடுக்கலாம்.

போன கிழமை அண்ணனோடு கொழும்பு ஏஜென்டின் காட்சியறைக்குப் போனேன். கையில் இரண்டடி மெலமைன் துண்டொன்றைப் பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். குறுக்கே அறுத்து, ஒரு பாதியைக் கவிழ்த்து, இரண்டின் ஒரே விளிம்பையும் நேர்க்கோலில் சாய்த்து, வெட்டு முகங்களைச் சேர்த்துப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. மூலைமட்டத்தில் பிழை இருந்தால் இரண்டு மடங்காகத் தெரியும். நல்ல சோதனை, ஐந்து நிமிட வேலை.

விற்பனையாளப் பையன் தேநீர் தந்தான், கட்டலொக் தந்தான், லீசிங் கணக்கும் சொன்னான். அண்ணன் பத்திரிகையைப் பிரித்துத் துண்டை மேசையில் வைத்து, "மெஷினைப் போடுங்க தம்பி" என்றார். பையன் சுவரைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். அந்தக் காட்சியறைக்கு மூன்று பேஸ் லைன் எடுக்கவே இல்லை.

அண்ணன் துண்டை மறுபடி பத்திரிகையில் சுற்றினார். தேநீரை மட்டும் குடித்து முடித்தார்.

(தொடரும்)