கொங்குப் போர்க்காலம் – 14: எல்லையாகக் கிடந்த காவிரி

குமாரபாளையத்தில் நின்றால் அக்கரையில் பவானி. பள்ளிபாளையத்துக்கு நேர் எதிரே ஈரோடு. தறி வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தினம் பாலம் தாண்டுகிறோம். கொள்வினை கொடுப்பினையும் இரண்டு கரைக்கும் உண்டு. இந்தக் காவிரி ஏழு ஆண்டுகள் இரண்டு அரசுகளுக்கு நடுவே எல்லையாகக் கிடந்தது. இந்த வாரம் என்னை வேறெதையும் எழுதவிடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த ஒரு சங்கதிதான்.

மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் போரில் விழுந்தார், கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்ற கொங்குத் தலைவர் தீரன் சின்னமலை அக்கரையில் உள்ள ஓடாநிலைக்கு வந்து சேர்ந்தார் என்பது வரை பார்த்தோம். இப்போது திப்பு விழுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்னால் போவோம்.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். கம்பெனியின் பங்காக வந்தவற்றில் பாராமகால் வட்டாரமும் அதோடு சேலம், நாமக்கல், சங்ககிரி, பரமத்தி, ஆத்தூர்ப் பகுதிகளும் இருந்தன. மேற்கே ஈரோடு, காங்கேயம், கோவை எல்லாம் மைசூரிடமே நின்றன. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகே அவையும் கைமாறின. அதாவது, சின்னமலையின் கரையில் திப்புவின் கொடி பறந்தபோது, நம் கரையில் கம்பெனி வரி வாங்கிக்கொண்டிருந்தது.

எப்படி வாங்கியது? கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீட் இங்கே வந்து வயல் வயலாக அளக்கச் சொன்னார். இந்த வயலுக்கு இவ்வளவு தீர்வை, அதைக் கட்ட வேண்டியவர் இந்தக் குடியானவர் என்று நேராகக் கணக்கு எழுதினார்கள். இந்தியாவின் பல பகுதிகளுக்குப் பிற்பாடு பரவிய ரயத்துவாரி முறை உருவானது நம் மண்ணில்தான். ரீடின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. அவர் பின்னாளில் சென்னை மாகாண கவர்னரானார். 

 அந்தக் கணக்கில் பட்டக்காரருக்கும் பாளையக்காரருக்கும் இடமே இல்லை என்பதுதான் முக்கியம். அக்கரையில் இருந்தவர்கள் ஏழு ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திப்பு போனால் தங்களுக்கு என்ன வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பது என் கணிப்பு. 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கத் துணிந்த கிளர்ச்சியையும், 1801 முதல் 1804 வரை காவிரிக்கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று சின்னமலை நின்று போரிட்டதையும் இந்தக் கணக்கை மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது.

காவிரி எல்லையாகக் கிடந்த அதே ஆண்டுகளில் போலந்தில் ததேயுஷ் கோஷ்சியுஷ்கோ என்ற தளபதி ரஷ்யாவை எதிர்த்து எழுந்தார். 1794 ஏப்ரலில் ராத்ஸ்வாவித்செ என்ற இடத்தில் குடியானவர்கள் புல்லறுக்கும் நீள அரிவாளின் அலகை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு பீரங்கிகள் மேல் பாய்ந்து அவற்றைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே அவர், பண்ணையாருக்கு அவர்கள் செய்யவேண்டிய வேலை நாட்களைக் குறைத்து அறிக்கை விட்டார். நாட்டை மீட்கக் கிளம்பியவர் குடியானவனின் பாரத்தையும் சேர்த்துத் தொட்டார் என்பதற்காகவே அவரை இங்கே சொல்கிறேன். அந்த அக்டோபரில் அவர் பிடிபட்டார். 1795-ல் போலந்தே வரைபடத்திலிருந்து போயிற்று.

நம் கதைக்குத் திரும்புவோம். சின்னமலை பிடிபட்ட பிறகு அவரை ஏன் ஆறு தாண்டிக் கொண்டுவந்து சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள்? மைசூருக்குப் போன வரிப்பணத்தை அவர் மறித்துப் பறித்த கதையிலும் அந்தப் பணம் சங்ககிரி வழியாகப் போகவிருந்ததாகவே சொல்வார்கள். 1805-க்குள் சங்ககிரிக் கோட்டை கம்பெனியின் கையில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டது. அக்கரை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கலகத்துக்கு அஞ்சாமல் தண்டனையை நிறைவேற்ற இதைவிடப் பத்திரமான இடம் அவர்களுக்குப் பக்கத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று சகோதரர்களோடு அவர் உயிர் போனது. ஒவ்வோர் ஆடிப்பெருக்கிலும் அங்கே மாலை போடுகிறவர்கள் இந்த எல்லைக் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓடாநிலைக் கோட்டையைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்; காவிரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோட்டை, அறச்சலூர்ப் போர், பழனிக் கருமலையில் சமையல்காரன் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லும் கதை மூன்றும் அடுத்த வாரம்.